முன்வழங்கியும் பின்வழங்கியும்

ஜொகூர் மாநிலத்தில், குளுவாங்கிலோ சிகாமட்டிலோ உள்ள ஒரு தமிழாசிரியர் மறுநாள் பாடத்திற்காகத் தமிழ் விக்கிப்பீடியாவில் குறிஞ்சித்திணை பற்றிய கட்டுரையைத் திறக்கின்றார். விரல் பட்ட சிறு பொழுதில் கட்டுரை திரையில் விரிகின்றது. அக்கட்டுரை எங்கிருந்து வந்தது? ‘அமெரிக்காவிலிருந்து’ என்றே பலரும் விடை கூறுவர். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறநிறுவனம் அமெரிக்காவில் இருப்பது உண்மை. கட்டுரைப் பக்கங்களை ஆக்கித் தரும் கணினிகள் அந்நாட்டின் வர்ஜீனியா மாநிலத்து ஆஷ்பர்ன் நகரிலும் டெக்சஸ் மாநிலத்துக் கேரல்டன் நகரிலும் இருப்பதும் உண்மை. ஆயினும் அவ்வாசிரியர் கண்ட பக்கம் பெரும்பாலும் அங்கிருந்து வந்ததன்று. ஜொகூர்ப் பாலத்திற்கு அப்பால், சிங்கப்பூரில், 2018ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் சில கணினிகளே அதனை வழங்கின. அக்கணினிகள் ஒரு கட்டுரையையும் தாமாக ஆக்கவல்லன அல்ல. வாயிலில் நின்று வருவோரை எதிர்கொள்வதே அவற்றின் தொழில்.

ஆக்கும் கணினி ஒன்று இருக்க, அதற்கு முன்னே வாயிற்பணிக்கென்றே வேறொரு கணினியை நிறுத்துவானேன்? ஒரே பொறி இரு வேலையையும் செய்தால் செலவு குறையுமே என்று தோன்றுவது இயல்பு. இணையத்தின் முதற் பத்தாண்டுகளில் பலர் அவ்வாறே எண்ணினர். எண்ணியவாறே செய்தும் பார்த்தனர்.

முதலில் சொற்பொருள். ‘சர்வர்’ என்று பேச்சில் வழங்குவதைத் தமிழில் ‘வழங்கி’ என்றும் ‘சேவையகம்’ என்றும் எழுதுகின்றனர். ‘வழங்கி’ என்றவுடன் தமிழாசிரியர்க்கு வினையெச்சமே முன்வந்து நிற்கும். ‘பரிசு வழங்கி மகிழ்ந்தான்’ என்பது போல. ஆனால் இஃது எச்சமன்று. பாலூட்டி, பூச்சிக்கொல்லி என்பவற்றில் உள்ளது போன்ற இகர விகுதி பெற்று, வினை செய்யும் பொருளுக்குப் பெயராயிற்று. குறுமையும் பொருத்தமும் நோக்கின் ‘சேவையகம்’ என்பதினும் இதுவே நல்ல சொல். கேட்ட பக்கத்தை எடுத்துக் கொடுப்பது வலை வழங்கி. கேட்டவருக்கு ஏற்பப் பக்கத்தைக் கணக்கிட்டு ஆக்குவது பயன்பாட்டு வழங்கி. வலை வழங்கியை வெளியுலகின் பக்கம் முன்னேயும் பயன்பாட்டு வழங்கியை அதன் பின்னேயும் நிறுத்துவதே இன்று பெருவழக்கு. ஆகலின் அவற்றை முன்வழங்கி, பின்வழங்கி என்று குறிப்பது விளக்கத்திற்கு எளிது.

இப்பிரிவு தொடக்கத்தில் இருந்ததில்லை. 1990ஆம் ஆண்டின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ் லீ இயக்கிய முதல் வலை வழங்கி, எழுதி வைத்த பக்கங்களை எடுத்துக் கொடுத்தது, அவ்வளவே. 1995ஆம் ஆண்டு சிங்கப்பூரில், ஆசிரியரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமியின் முயற்சியால் தமிழ்க் கவிதைகள் வலையில் ஏறியபொழுதும் நிலை அதுவே. கவிதை மாறுவதில்லை, யார் கேட்பினும் அதே பக்கந்தான். ஆனால் வலை வளர வளர, கேட்பவரைப் பொறுத்து விடை மாறும் தளங்கள் பெருகின. தேர்வு முடிவு, வங்கிக் கணக்கு, மாணவர் பதிவு ஆகியவற்றிற்கு எழுதி வைத்த பக்கம் உதவாது. தரவுத்தளத்தைத் தேடி, கணக்கிட்டு, அந்த நொடியில் பக்கத்தை ஆக்க வேண்டும். அவ்வேலை செய்யும் நிரலை, எடுத்துக் கொடுக்கும் வழங்கிக்குள்ளேயே புகுத்தினர். 1995இல் தோன்றிய அப்பாச்சி என்னும் வலை வழங்கிக்குள் பி.எச்.பி. என்னும் நிரல்மொழியைச் சேர்த்துக்கொண்டது அவ்வகையில் மிகப் பரவலான முறை. ஒரே பொறி வாயிலும் ஆயிற்று, உள்ளறையும் ஆயிற்று.

அதனால் வந்த இடர்ப்பாடு என்ன என்பதைப் பள்ளி அலுவலகம் ஒன்றை வைத்து உணரலாம். விடுமுறை எந்நாள் தொடங்குகின்றது என்று கேட்க வந்தவரும், மாற்றுச் சான்றிதழ் வேண்டி வந்தவரும், வழி தவறி வந்த விற்பனையாளரும் எல்லாரும் நேரே தலைமையாசிரியர் அறைக்குள் சென்று அமர்கின்றனர் என்க. விடுமுறை நாளை ஐம்பது பேருக்கு ஐம்பது முறை அவரே சொல்ல வேண்டும். படிவம் நிரப்பத் தெரியாத பாட்டி ஒருவர் எழுத்துக் கூட்டி எழுதி முடிக்கும்வரை அவரே எதிரில் காத்திருக்க வேண்டும். அவர் கையொப்பம் இடுவதற்குத் தேவைப்படுவது அரை நிமிடம். பாட்டிக்குத் தேவைப்படுவதோ அரைமணி. முகப்பில் ஒரு கிராணி இருந்தால், விடுமுறை கேட்டவர் அறிவிப்புப் பலகையோடு திரும்புவார். விற்பனையாளர் வாயிலோடு திரும்புவார். பாட்டியின் படிவம் முழுதும் நிரம்பிய பின்னரே உள்ளே போகும். தலைமையாசிரியர் அரை நிமிடத்தில் கையொப்பம் இட்டு அடுத்த வேலைக்குப் போவார். பாட்டியும் விரட்டப்படவில்லை.

இவ்வுவமையில் உள்ள பாட்டியே இப்பொருளின் உயிர்நிலை. வலையில் அவர் யார்? அலைத்தொடர்பு நன்கு எட்டாத தோட்டப்புறத்தில் பழைய கைப்பேசி வைத்திருப்பவரே அவர். கணக்கிட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். 200 கிலோபைட்டு அளவுள்ள ஒரு பக்கத்தை ஆக்கப் பின்வழங்கிக்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு போதும் எனக் கொள்க. வாசகரின் தொடர்பு நொடிக்கு 50 கிலோபைட்டே ஏற்குமாயின், பக்கம் அவரைச் சென்று சேர 4 நொடி ஆகும். முன்வழங்கி இல்லாதவிடத்து, அப்பக்கத்தை ஆக்கிய பணியாள் நிரல் கடைசி எழுத்து போய்ச் சேரும்வரை கைகட்டி நிற்க நேரும், 4 நொடி அதற்கு வீண். பின்வழங்கியில் அத்தகைய பணியாளர் 10 பேர் இருப்பின், நொடிக்கு இரண்டரைப் பக்கங்கூட வெளியேறாது. முன்வழங்கி இருப்பின், ஆக்கிய பக்கத்தை அது ஒரே வீச்சில் வாங்கித் தன் நினைவில் வைத்துக்கொண்டு, வாசகரின் வேகத்திற்கேற்பச் சிறிது சிறிதாக ஊட்டும். பணியாள் உடனே விடுபடுவார். அதே 10 பேர் நொடிக்கு 100 பக்கம் ஆக்குவர். கணினியை மாற்றவில்லை, நிரலைத் திருத்தவில்லை. நாற்பது மடங்கு வேறுபாடு.

இதில் ஒரு நீதியும் உண்டு. முன்வழங்கி இல்லாத தளத்தில், மெதுவான தொடர்பு உடையவர் தாம் துன்புறுவதோடு, தம்மையறியாமல் விரைவான தொடர்பு உடையவரையும் தடுத்து நிறுத்துகின்றார். அப்பொழுது தளம் நடத்துவோர் கைக்கொள்ளும் எளிய வழி, ‘இத்தனை நொடிக்குள் பெற்றுக்கொள்ளாதவரைத் துண்டித்துவிடு’ என்பது. தோட்டத்துக் கைப்பேசியே முதலில் துண்டிக்கப்படும்.

கிராணி உவமை ஓரிடத்தில் குறைபடும். மனிதக் கிராணி ஒரு நேரத்தில் ஒருவரையே கவனிப்பார். பழைய அப்பாச்சி முறையும் அத்தகையதே: வருவோர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஆள். அவ்வாட்கள் ஒவ்வொருவரும் நிரல்மொழி முழுவதையும் சுமந்துகொண்டு நினைவகத்தில் இடம் பிடிப்பர். அப்பாச்சியில் வேறு ஏற்பாடு செய்யாதவரை 256 பேர்தாம் மேல்வரம்பு. 257ஆவது வாசகர் வாயிலுக்கு வெளியே நிற்பார். 1999இல் டேன் கெகல் என்னும் அமெரிக்க நிரலர், ஒரு கணினி ஒரே நேரத்தில் 10,000 பேரைத் தாங்க முடியாததற்கு வன்பொருள் காரணமன்று, மென்பொருள் அமைப்பே காரணம் என்று எடுத்துக் காட்டினார். மாஸ்கோவில் ராம்ப்ளர் என்னும் தளத்தின் கணினிகளைப் பேணிவந்த இகோர் சிசோயெவ் 2002இல் தொடங்கி, 2004 அக்டோபரில் வெளியிட்ட ‘என்ஜின் எக்ஸ்’ அதற்கு விடையாக அமைந்தது. அதில் ஆளுக்கொரு கிராணி இல்லை. ஒரே கிராணி, எதிரே பலகைகளில் ஆயிரக்கணக்கானோர், எல்லார் கையிலும் படிவம். யார் ஒரு வரி எழுதி முடித்துக் கை உயர்த்துகின்றாரோ அவரிடம் மட்டும் அந்நொடி சென்று, வாங்கிக்கொண்டு, அடுத்த கைக்கு நகர்வார். கை உயர்த்தாதவருக்காக அவர் நிற்பதில்லை. சும்மா திறந்திருக்கும் 10,000 தொடர்புகளைத் தாங்க 2.5 மெகாபைட்டு நினைவகமே செலவாகும் என்பது அம்மென்பொருளை ஆக்கியோர் தரும் கணக்கு. ஒரு நிழற்படம் பிடிக்கும் இடம் அது.

இத்தகைய முன்வழங்கி செய்யும் சிறு பணிகளுள் ஒன்று தமிழுக்குச் சிறப்பாக உதவுவது. அதனைச் சற்று விரித்துச் சொல்லுதல் தகும். ‘தமிழ்’ என்னும் சொல்லில் எழுத்து மூன்று. ஒருங்குறி முறையில் கணினி அதனை த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்தாகக் கொள்ளும். வலையில் வழங்கும் யு.டி.எஃப். 8 என்னும் குறியேற்றத்தில் ஒவ்வொன்றும் மூன்று பைட்டு. ஆக 15 பைட்டு. அதே சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதின் 5 பைட்டே. எனவே தமிழ்ப் பக்கம் ஆங்கிலப் பக்கத்தினும் பருத்தது. மெதுவான தொடர்பில் அப்பருமன் உறுத்தும். ஆயினும் ஒரு நன்மையும் உடன் உண்டு. தமிழ்க்குறிகளின் மூன்று பைட்டுகளுள் முதலாவது எப்பொழுதும் ஒன்றே. இரண்டாவது இரண்டே வகை. திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்குவது கணினிக்கு எளிது. முன்வழங்கி பக்கத்தை அனுப்புமுன் அவ்வாறு சுருக்கி அனுப்பும். வாசகரின் உலாவி விரித்துக்கொள்ளும். இச்சுருக்கத்தைப் பின்வழங்கியிடமே விடலாமெனினும், கணக்கிடும் பொறியின் நேரத்தை மூட்டை கட்டுவதில் செலவிடுவது சிக்கனமன்று.

மீண்டும் விக்கிப்பீடியாவுக்கு வருவோர், முன்வழங்கியின் மற்றொரு பேராற்றலைக் காண்பர். 2001இல் அத்தளம் தொடங்கியபொழுது வாயில் தனி, உள்ளறை தனி என்ற பிரிவெல்லாம் இல்லை. 2003 செப்டம்பரில் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கிய காலத்திலும் மொத்த அமைப்பும் சிறிதே. கூட்டம் மிகும்போது திணறியது. 2004இல் ‘ஸ்குவிட்’ என்னும் மென்பொருளை வாயிலில் நிறுத்தினர். ஒரு கட்டுரையை ஒருவர் கேட்டவுடன் பின்வழங்கி அதனை ஆக்கும். வாயில் அதன் படியொன்றை வைத்துக்கொள்ளும். அடுத்து வருவோர்க்கெல்லாம் அப்படியையே கொடுக்கும். நன்கொடையால் நடக்கும் ஒரு தளம் உலகின் மிகப் பெரிய தளங்களோடு ஒருங்கு நிற்க முடிந்தது இவ்வேற்பாட்டாலேயே என்றால் மிகையாகாது. பின்னர் ஸ்குவிட்டின் இடத்திற்கு ‘வார்னிஷ்’ வந்தது. அது நார்வே நாட்டுச் செய்தித்தாள் ஒன்றின் வலைத்தளத்திற்காக 2006இல் ஆக்கப்பட்டது. ஒரே செய்தியைப் பல்லாயிரவர் ஒரே காலையில் கேட்கும் இடத்திலேதான் படி வைத்துக் கொடுக்கும் கலை முதிரும் போலும்.

படி வைத்தால் பழசாகுமே என்ற ஐயம் எழும். கட்டுரையை ஒருவர் திருத்திச் சேமித்த உடனே, ‘இன்ன கட்டுரையின் படியை எறிந்துவிடுக’ என்ற செய்தி உலகெங்கும் உள்ள விக்கிமீடியா வாயில்களுக்குப் போகும். அடுத்து ஒருவர் கேட்கும்போது புதுப்படி வரும். கணக்கில் நுழைந்து தொகுப்பவர்க்கு மட்டும் படி கொடுப்பதில்லை. அவர் பெயரும் அவருக்கான அறிவிப்பும் பக்கத்தில் தோன்ற வேண்டுமாகலின், அவர் வேண்டுகை வாயிலைக் கடந்து பின்வழங்கி வரை செல்லும். தமிழ் விக்கிப்பீடியர் சிலர், ‘நுழைந்திருக்கும்போது தளம் சற்று மெதுவாக இருக்கின்றதே’ என்று கூறின், காரணம் இதுவே.

இவ்வமைப்பும் ஒரு நாள் தடுமாறியது. 2009 ஜூன் 25 அன்று மைக்கேல் ஜாக்சன் மறைந்த செய்தி பரவியதும், உலகோர் அவரைப் பற்றிய கட்டுரையை மொய்த்தனர். படிப்போர் மட்டும் வந்திருந்தால் வாயில் எளிதில் தாங்கியிருக்கும். ஆனால் நிமிடந்தோறும் பலர் அதே கட்டுரையைத் திருத்திக்கொண்டும் இருந்தனர். ஒவ்வொரு திருத்தத்திற்கும் படி எறியப்பட்டது. எறியப்பட்ட அந்நொடியில் காத்திருந்தோர் அனைவர்க்காகவும் பின்வழங்கிகள் பல, நீண்ட அதே கட்டுரையை ஒரே நேரத்தில் தனித்தனியே ஆக்கத் தலைப்பட்டன. முடியுமுன் அடுத்த திருத்தம் வந்தது. தளம் நிலைகுலைந்தது. இதன்பின் சேர்க்கப்பட்ட ஏற்பாடு எளியது: ஒரு கட்டுரையை ஆக்கும் வேலையை ஒரு நேரத்தில் ஒருவரே செய்க; மற்றையோர் காத்திருக்க; காத்திருக்க இயலாதாயின் சற்றுப் பழைய படியைக் கொடுத்துவிடுக. ஒரு நிமிடம் பழைய கட்டுரை, கட்டுரையே இல்லாமையினும் மேல் அன்றோ?

எல்லாவற்றிற்கும் பழைய படி உதவாது. 2021 மே 26 நண்பகல், மலேசியாவில் ஆஸ்திராசெனெகா தடுப்பூசிக்கான முன்பதிவு பொதுமக்களுக்குத் திறந்தபொழுது, காத்திருந்தவர் பலர் பிழைச்செய்தியையே கண்டனர். பொறுப்பு அமைச்சராக இருந்த கைரி ஜமாலுடின் மன்னிப்புக் கோர நேர்ந்தது. முன்பதிவு என்பது கவிதை போன்றதன்று. ஒருவர் ஓர் இடத்தைப் பெற்றவுடன் எஞ்சிய கணக்கு மாறுகின்றது. ஒவ்வொரு வேண்டுகையும் உள்ளறை சென்றே ஆக வேண்டும். அத்தகைய நாளில் வாயில் செய்யத்தக்கது, படிவப் பக்கத்தையும் படங்களையும் தானே கொடுத்துவிட்டு, பதிவு வேண்டுகைகளை உள்ளறை தாங்கும் அளவில் மட்டும் வரிசையாக விடுவதே. வாயில் உள்ளறையின் ஆற்றலைக் கூட்டாது. அதனை வீணாகாமல் காக்கும். இவ்வேறுபாட்டை அறியாமல் வாயிலைமட்டும் பெருக்கிக்கொண்டே போவாரும் உளர்.

வாயிலைத் தனியாகப் பிரித்தமையால் விளைந்த இன்னொரு பயன் தொலைவைப் பற்றியது. ஜொகூர் பாருவிலிருந்து ஆஷ்பர்ன் 15,000 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்லும். எனவே போய்வர நொடியில் ஏழில் ஒரு பங்கேனும் வேண்டும். மறைகுறியிட்ட தொடர்பு ஒன்றை நிறுவிப் பக்கத்தைப் பெற, மூன்று முறையாவது போய்வர வேண்டும். ஒரு சொல் வருமுன்னே ஏறத்தாழ அரைநொடி கழியும். எவ்வளவு விலைமிக்க கணினி வாங்கினும் ஒளியின் வேகம் கூடாது. வாயிலை மட்டும் சிங்கப்பூருக்குக் கொணர்ந்தால், அம்மூன்று போக்குவரத்தும் நீரிணையின் இரு கரைகளுக்கிடையே முடிந்துவிடும். உள்ளே போக வேண்டிய வேண்டுகைக்கும், வாயில் முன்னரே திறந்து வைத்துள்ள தொடர்பு இருப்பதால், நெடும்பயணம் ஒரு முறையே. உள்ளறை இடம்பெயரவில்லை, வாயில் மட்டும் வாசகரைத் தேடி வந்தது. ஆம்ஸ்டர்டாம், சான் பிரான்சிஸ்கோ, மார்சேய், சாவோ பாலோ ஆகிய இடங்களிலும் அவ்வறநிறுவனம் இவ்வாறே வாயில் வைத்துள்ளது.

2019இல் சிங்கப்பூர் புதிய தரவு மையங்களுக்கு இசைவு தருவதை நிறுத்தி வைத்து, 2022இல் கட்டுப்பாடுகளுடன் மீண்டும் தொடங்கியது. அதற்கிடையிலும் அதன் பின்னரும் செடெனாக், கூலாய், நூசாஜெயா பகுதிகளில் சாளரமற்ற பெருங்கட்டடங்கள் எழுந்தன. ரப்பரும் செம்பனையும் நின்ற மண் அது. அக்கட்டடங்களுள் எது வாயில், எது உள்ளறை என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல இயலாது.

வாயில் காவலும் ஆகும். யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில், 1024க்குக் கீழ்ப்பட்ட வாயிலெண்களைத் திறக்க முதன்மை உரிமை வேண்டும் என்பது மரபு. வலைக்குரியவை 80உம் 443உம். பயன்பாட்டு வழங்கியே அவற்றைத் திறந்தால், அதன் ஆயிரமாயிரம் வரி நிரலில் உள்ள ஒரு பிழை முழுக் கணினியையும் அயலார் கையில் கொடுத்துவிடக்கூடும். ஆகவே பின்வழங்கி 8080 போன்ற ஓர் எண்ணில், எளிய உரிமையோடு, உள்வலைக்குள் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். வெளியார் அதனை நேரே தொடல் இயலாது. 2009இல் ராபர்ட் ஹேன்சன் வெளியிட்ட ‘ஸ்லோலோரிஸ்’ என்னும் தாக்குதல் முறை இவ்வமைப்பின் அருமையைக் காட்டிற்று. ஒரே கணினியிலிருந்து நூற்றுக்கணக்கான தொடர்புகளைத் திறந்து, ஒவ்வொன்றிலும் ஒரு வரியைச் சொட்டுச் சொட்டாக அனுப்பிக்கொண்டிருந்தால் போதும். ஆளுக்கொரு கிராணி வைத்த அப்பாச்சி அடைபட்டுப் போகும். கை உயர்த்தியவரை மட்டும் கவனிக்கும் என்ஜின் எக்ஸ் அதற்கு அசையவில்லை. அப்பெயர் மெல்ல நகரும் தேவாங்கின் பெயர். மலேசியக் காடுகளில் கொங்காங் என்று வழங்கும் அதே விலங்கு. 

காவலால் ஒரு சிக்கலும் நேரும். எல்லா வேண்டுகையும் வாயில் வழியே வருதலால், பின்வழங்கிக்கு எல்லாரும் ஒரே முகவரியிலிருந்து வருவதாகத் தோன்றும். அவ்வாறு தோன்றுவதன் விளைவை, மறுமுனையில் நிகழ்ந்த ஒரு செய்தி விளக்கும். 2007 புத்தாண்டின்போது விக்கிப்பீடியாவில் குறும்பு செய்த ஒருவரின் முகவரியை நிருவாகிகள் தடுத்தனர். கத்தார் நாட்டின் இணையப் போக்குவரத்து முழுவதும் அவ்வொரு முகவரி வழியே வெளியேறியதால், நாடே தொகுக்க இயலாமற் போயிற்று. தவறு தெரிந்ததும் தடை நீக்கப்பட்டது. அது வாசகர் பக்கத்து வாயில்; இங்கே பேசப்படுவது தளத்தின் பக்கத்து வாயில்; சிக்கல் ஒன்றே. ஆதலால் முன்வழங்கி, வந்தவரின் உண்மை முகவரியை ஒரு சீட்டில் எழுதி வேண்டுகையோடு சேர்த்து உள்ளே அனுப்பும். தம் வாயில் எழுதிய சீட்டை மட்டுமே உள்ளறை நம்ப வேண்டும். வந்தவர் தாமே எழுதிக் கொணர்ந்த சீட்டையும் நம்பினால், குறும்பர் யார் பெயரிலும் நுழைவர்.

நம்பிக்கை பற்றிய இவ்வினா இன்னும் ஆழமானது. வலைப்பக்கங்கள் இன்று மறைகுறியிட்டு, முத்திரையிட்ட உறைபோல் வருகின்றன. அவ்வுறையைப் பிரிப்பது முன்வழங்கியே. பிரித்துப் படித்தால்தான் எங்கு அனுப்புவது என்று அதற்குத் தெரியும். ஆகவே வாயிலில் நிற்பவர் யார் என்பது சிறு செய்தியன்று. விக்கிமீடியா தன் வாயில்களைத் தானே நடத்துகின்றது. சிறு சங்கங்களும் பள்ளிகளும் கிளவுட்ஃபிளேர் போன்ற நிறுவனங்களின் வாயிலை இரவல் பெறுகின்றன. கவிதைக்கும் நிகழ்ச்சி அழைப்பிதழுக்கும் அது போதும்; நல்லதுங்கூட. ஆனால் மாணவரின் பிறப்புப் பத்திர எண்ணும் பெற்றோரின் வருமானமும் எழுதிய படிவம் அவ்வழியே வருமாயின், அவ்வுறை பிறர் கையில் பிரிபடுகின்றது என்பதை அறிந்தே அதனைச் செய்ய வேண்டும். தம் கணினியிலேயே, பின்வழங்கிக்குப் பக்கத்திலேயே, ஒரு முன்வழங்கியை நிறுவுதல் அரிதன்று. என்ஜின் எக்ஸ் விலையின்றிக் கிடைப்பது. முத்திரைக்கான சான்றிதழும் ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ அமைப்பு வழி விலையின்றிக் கிடைப்பது. ஓர் அறைக்குள் பத்துப் பேர் பயன்படுத்தும் சிறு செயலிக்கு இவை எதுவும் வேண்டா. அதற்குப் பின்வழங்கி தனித்து நின்றாலே போதும்.

இரவல் வாயில் மூடிக்கொள்ளவும் கூடும். 2019 ஜூலை 2 அன்று, கிளவுட்ஃபிளேர் தன் வாயில்களுக்கு அனுப்பிய ஒரு காவல் விதி அவற்றின் கணிக்கும் ஆற்றல் முழுவதையும் விழுங்கிற்று. ஏறத்தாழ அரைமணி நேரம் உலகின் எண்ணற்ற தளங்கள் இருண்டன. 2025 நவம்பர் 18 அன்று, தானியங்கி வருகையாளரை அடையாளம் காணும் கோப்பொன்று அளவுமீறிப் பெருத்ததால் மீண்டும் அத்தகைய நிலை வந்தது. அந்நாட்களில் அத்தளங்களின் பின்வழங்கிகளுக்கு ஒரு குறையும் இல்லை. ஆக்குவோர் ஆக்கக் காத்திருந்தனர். கேட்போர் வாயிலுக்கு வெளியே நின்றனர்.

திரையில் தோன்றும் எண்களைக் கொண்டு, பிழை வாயிலிலா உள்ளறையிலா என்று வாசகரே ஓரளவு அறியலாம். ‘502 பேட் கேட்வே’ என்று வந்தால், வாயில் உயிரோடிருக்கின்றது, உள்ளறையிடம் கேட்டது, முறையான விடை கிடைக்கவில்லை. ‘504’ என்றால், கேட்டுவிட்டு நெடுநேரம் காத்திருந்து கைவிட்டது. ‘503’ என்றால், இப்பொழுது ஏற்பதற்கில்லை, கூட்டம் மிகுதி, அல்லது பராமரிப்பு வேலை. எண்ணே வராமல் உலாவி தானாகத் ‘தொடர்பு கொள்ள இயலவில்லை’ என்று சொல்லுமாயின், வாயிலையே எட்டவில்லை. தம் அலைத்தொடர்பையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளல் நன்று. மாணவர் பதிவு நாளில் 502ஐக் கண்டு பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்துவோர், திணறும் உள்ளறைக்கு மேலும் வேண்டுகைகளையே அனுப்புகின்றனர்.

விக்கிப்பீடியாவின் எந்த வாயில் தமக்கு விடை தந்தது என்பதையும் ஜொகூர் வாசகர் கண்ணால் காணலாம். மேசைக் கணினியின் உலாவியில் எஃப் 12 என்னும் விசையை அழுத்தி, ‘நெட்வொர்க்’ என்ற பகுதியைத் திறந்து, தமிழ் விக்கிப்பீடியாவின் ஒரு கட்டுரையை வரவழைத்து, அதனோடு வந்த தலைப்புக்குறிப்புகளைப் பார்த்தால், ‘எக்ஸ்-கேஷ்’ என்று ஒரு வரி இருக்கும். அதில் ‘சிபி’ என்ற எழுத்துகளை அடுத்து 5இல் தொடங்கும் ஓர் எண் இருப்பின், அது சிங்கப்பூர் வாயிலில் நிற்கும் கணினி. அதன் பக்கத்தில் ‘ஹிட்’ என்றிருந்தால் அங்கே இருந்த படியே வந்தது. ‘மிஸ்’ என்றிருந்தால் படி இல்லாமல் உள்ளறையிலிருந்து வருவித்துக் கொடுத்தது. கணக்கில் நுழைந்தவர்க்கு ‘பாஸ்’ என்று காணும். யாரும் நெடுநாள் திறவாத ஒரு சங்கப் புலவர் பற்றிய கட்டுரையை முதன்முறை திறந்தால் ‘மிஸ்’ வரக்கூடும். அதே பக்கத்தைச் சிறிது நேரத்தில் அடுத்த வகுப்பு ஆசிரியர் திறப்பாராயின், அவருக்கு ‘ஹிட்’.